ஏ.எல். பேப்பர் உண்மையிலயே கஷ்டமாகிக்கொண்டு போகுதா? பாடம் பாடமாக் கதைப்பம்

கடலோர_வீதி:
தங்கச்சி இந்தமுறை ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) ரெண்டாந்தரம் எடுக்கிறாள், கணிதப் பிரிவு. ஒரு மாசமா வீட்டில ஒரே பல்லவி: "இப்ப வாற பேப்பர் உங்கட காலத்துப் பேப்பர் மாதிரி இல்லை அண்ணா." நான் எடுத்தது 2013இல. சரி, பாத்திடுவம் எண்டு போன போயா லீவுக்கு பத்து வருசப் பௌதிக வினாத்தாளையும் ஹோல் நிலத்தில விரிச்சு, கூட்ட வந்த அம்மாவையும் திருப்பி அனுப்பிப்போட்டு ஒவ்வொண்டாப் பாத்தன்.

இரண்டாம் பேப்பரில கேள்விகள் குந்தியிருக்கிற இடம் அசையவே இல்லை. அமைப்புக் கட்டுரை நாலும் ஆய்வுகூடத்தோட வாறது: முதலாவது அளவீடு, பொறிமுறை, ரெண்டாவது வெப்பம், மூண்டாவது ஒளி அல்லது ஒலி, நாலாவது மின். கட்டுரைப் பகுதியில 5 பொறிமுறை, 6 அலை, 7 பிசுக்குமை, பரப்பிழுவை பக்கம், 8 புலங்கள். 9இல மின்னோட்டமா இலத்திரனியலா எண்டு தெரிவு, 10இல வெப்பமா சடமும் கதிர்ப்புமா எண்டு தெரிவு. ஆறில நாலு செய்தாப் போதும். எப்பவாவது ஒண்டிரண்டு இடம் மாறும், அவ்வளவுதான்.

மாறினது கேள்விக்கு முன்னால வாற கதை. எங்களுக்குப் பந்தும் இழையும் கப்பியும் வந்திச்சு. இப்ப முதல் பத்து வரி ஏதாவது ஒரு இயந்திரத்தின்ர வரலாறு. தங்கச்சிக்கு நானே ஒண்டு எழுதிக் குடுத்தன் (எந்தப் பேப்பரிலயும் வந்ததில்லை, என்ட கைவேலை): 1.2 கிலோகிராம் திணிவுள்ள ட்ரோன் ஒண்டு வானத்தில அசையாமல் நிக்குது. விசிறிகள் எல்லாம் சேர்ந்து 0.1 சதுர மீற்றர் பரப்பினூடாக வளியைக் கீழ தள்ளுது. வளியின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.2 கிலோகிராம், ஈர்ப்பு ஆர்முடுகல் 10. வளி என்ன வேகத்தில கீழ போகுது?

ட்ரோன் எண்ட சொல்லைக் கண்டதும் பேனையைக் கீழ வைச்சிட்டாள். "இது நாங்கள் படிக்கேல்லை." படிச்சதுதான். தோட்டக் குழாய்த் தண்ணி சுவரில அடிக்கிற அதே உந்தமாற்ற வீதம். கல்குலேட்டரும் தேவையில்லை (மண்டபத்துக்குள்ள விடவும் மாட்டினம்). விடையை இங்க போடேல்லை, செய்து பாருங்கோ.

என்ட கட்சி இதுதான்: பாடம் கஷ்டமாகேல்லை, கேள்வி உடுப்பு மாத்திக்கொண்டு வருது. மற்றப் பாடக்காரர் என்ன சொல்லுறியள்?

நாளைக்கு_படிப்பம்:
அண்ணா, ஃபேனைப் போட்டு, பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு நிலத்தில விரிச்சுப் பாத்தா எல்லாம் லேசுதான். 50 எம்.சி.கியூ, 2 மணித்தியாலம். ஒண்டுக்கு 2 நிமிசம் 24 செக்கன். அதில ஒரு நிமிசம் உங்கட "இயந்திரத்தின்ர வரலாறு" வாசிக்கவே போயிடும். பின்னால மேற்பார்வையாளர் செருப்பை இழுத்து இழுத்து நடப்பார், அதையும் கணக்கில சேருங்கோ.

கடலோர_வீதி:
அது நியாயம், ஒத்துக்கொள்ளுறன். வாசிப்பு வேகமும் இப்ப ஒரு பாடம் மாதிரித்தான். ஆனா இரண்டாம் பேப்பருக்கு உங்களுக்கு 10 நிமிசம் மேலதிக வாசிப்பு நேரம் கிடைக்குது. எங்களுக்கு அது இருக்கேல்லை. அந்தப் பத்து நிமிசத்தில எந்த நாலு எண்டு முடிவெடுக்காமல் முதலாவது கேள்வியை மனசுக்குள்ள செய்யத் தொடங்கிறவைதான் கனபேர்.

இரசாயன_மிஸ்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் படிப்பிக்கிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

எங்கே கஷ்டம் என்று பிள்ளைகளைக் கேட்டால் எல்லாரும் சேதன இரசாயனத்தைக் காட்டுவார்கள். நான் திருத்தும் மாதிரி விடைத்தாள்களில் புள்ளி கொட்டுப்படுவது வேறு இடத்தில். முதலாம் பேப்பரில் 31 முதல் 50 வரை. 31 தொடங்கி 40 வரை நாலு கூற்று தந்து எவை சரி என்று கேட்கும் வகை. 41 தொடங்கி 50 வரை இரண்டு கூற்று வகை. இந்த இருபதும் எத்தனை வருடமாக இதே அச்சில்தான் வருகின்றன. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் புதிதாக விழுகிறார்கள்.

வகுப்பில் நான் தரும் ஒன்றைச் சொல்கிறேன். முதலாம் கூற்று: நைதரசனின் முதலாம் அயனாக்கற் சக்தி ஒட்சிசனினதிலும் கூடியது. இரண்டாம் கூற்று: ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை நைதரசனினதிலும் கூடியது. இரண்டும் சரி. நல்ல பிள்ளை அதைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் "சரி, சரி, விளக்குகிறது" என்று 1ஐக் கீறிவிட்டுப் போய்விடும். விளக்கவில்லை. விளக்கம் நைதரசனின் அரைநிரம்பிய 2பி உபசக்தி மட்டத்தில் இருக்கிறது. விடை 2. பாடம் தெரியாத பிள்ளை இதில் விழுவதில்லை பாருங்கள், தெரிந்த பிள்ளைதான் விழுகிறது.

இரண்டாம் பேப்பர் முதலாவது அமைப்பு வினாவில் ஒரு மூலக்கூற்றின் எலும்புக்கூட்டைத் தந்து லூயிஸ் கட்டமைப்பு, பரிவுக் கட்டமைப்புகள், ஒவ்வொரு அணுவையும் சுற்றிய வடிவம், கலப்பாக்கம் எல்லாம் கேட்பார்கள். அந்த மூலக்கூற்றைப் பிள்ளை முன்பின் கண்டிருக்காது. காணத் தேவையுமில்லை. விதியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வீடு வந்து சேரலாம். "மிஸ், இது சிலபஸில் இல்லை" என்று பிள்ளைகள் அதிகம் சொல்வது இந்தக் கேள்வியைத்தான்.

10ஆம் வினாவில் பெரும்பாலும் வருகிற கைத்தொழில் இரசாயனத்தை மனப்பாடம் என்று ஒதுக்குபவர்களிடம் எனக்குக் கோபம் வரும். சொல்வே முறையில் சோடியம் காபனேற்று எப்படி எடுப்பது என்பது நேரே புத்தகத்தில் இருக்கிறது. 8, 9, 10இல் இரண்டு செய்யவேண்டும். புத்தகத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஏன் சேதனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்?

நாளைக்கு_படிப்பம்:
மிஸ், 31–40இல 5ஆவது தெரிவு, "வேறு எண்ணிக்கை அல்லது வேறு சேர்மானம்", அது யாரோ எங்களில கோவத்தில போட்டதுதானே?

இரசாயன_மிஸ்:
ஒரு கூற்று மட்டும் சரி என்றாலும் 5. மூன்று சரி என்றாலும் 5. முதலாவதும் மூன்றாவதும் சரி என்றாலும் 5. முதலில் நாலு கூற்றுக்கும் பக்கத்தில் சரி, பிழை போடுங்கள் மகன், பிறகு அறிவுறுத்தல் பெட்டியைப் பாருங்கள். நீங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கூற்றை அதற்குள் அடக்கப் பார்க்கிறீர்கள். புள்ளி கழிப்பதும் இல்லை, ஒன்றையும் வெறுமையாக விடாதீர்கள்.

பழைய_புள்ளி:
எங்கட காலம் நாலு பாடம் பிள்ளையள். தூய கணிதம் வேற, பிரயோக கணிதம் வேற. பயோக்காரருக்குத் தாவரவியல், விலங்கியல் தனித்தனி. 400க்கு மொத்தப் புள்ளி, பத்திரிகையில பாத்தம், விளங்கிச்சு. 2000ஆம் ஆண்டு மூண்டு பாடமாக்கினாங்கள், அடுத்த வருசமே இசட் புள்ளி எண்டு ஒண்டைக் கொண்டு வந்தாங்கள். இப்ப என்ட பேரனுக்குத் தசமத்துக்குப் பிறகு நாலு இலக்கத்தில ஒரு எண் வருது, அவனுக்கும் விளங்கேல்லை எனக்கும் விளங்கேல்லை. இது பழைய தரப்படுத்தலின்ர புதுப் பேர்தானே?

கடலோர_வீதி:
இல்லை அங்கிள். எழுபதுகளில பல்கலைக்கழக அனுமதிக்கு வந்த தரப்படுத்தல் எந்த மொழியில எழுதினது எண்டு பாத்தது. இசட் பாடத்தைப் பாக்குது. மாவட்டக் கோட்டா அதுக்குப் பிறகு வாற வேற கணக்கு: பொதுவா 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

இசட் ஒண்டும் மாயமில்லை. உங்கட புள்ளியில இருந்து பாடத்தின்ர சராசரியைக் கழிச்சு, நியம விலகலால பிரிக்கிறது. மூண்டு பாடத்துக்கும் எடுத்துச் சராசரி.

இந்த இழைக்கும் அதுக்கும் நேரடித் தொடர்பு இருக்கு. கற்பனை எண் ரெண்டு வைச்சுப் பாப்பம். ஒரு வருசம் பௌதிகம் கொல்லுற பேப்பர், சராசரி 40, நியம விலகல் 16. நீங்கள் 72. இசட் 2. அடுத்த வருசம் "சப்பையான பேப்பர்", சராசரி 56, நியம விலகல் அதே 16. நீங்கள் 80. இசட் 1.5. எட்டுப் புள்ளி கூட எடுத்தும் இசட் குறைஞ்சிட்டுது! லேசான பேப்பரில மேல போகவும் இடமில்லை, முழுசா 100 எடுத்தாலும் 2.75தான். கஷ்டமான பேப்பரில அதே 100க்கு 3.75.

அதாலதான் மண்டபத்தை விட்டு வெளிய வந்து "லேசு மச்சான்" எண்டு துள்ளுறவனைக் கண்டா எனக்குப் பயம். உனக்கு லேசெண்டா றோயல் கல்லூரிக்காரனுக்கும் லேசு, நுகேகொடையில வகுப்புக்குப் போறவனுக்கும் லேசு. கொழும்பு மாவட்டத்தில நிக்கிற பிள்ளைக்கு லேசான பேப்பர்தான் ஆபத்து.

பழைய_புள்ளி:
விளங்கின மாதிரி இருக்கு. ஆனா 2011இல பழைய பாடத்திட்டம், புதுப் பாடத்திட்டம் ரெண்டையும் கலந்து கணக்குப் போட்டு, 2012இல உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் ரத்தாகி, திரும்பப் போட்டாங்களே. சூத்திரம் சரி, போடுற கை சரியா இருக்கவேணும்.

கடலோர_வீதி:
அதுக்கு என்னட்ட பதில் இல்லை அங்கிள். நீங்கள் சொல்லுறது சரி.

கொட்டாஞ்சேனை_பயோ:
உயிரியலைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல்லையே. நான் எடுத்து ரெண்டு வருசம். "உடுப்பு மாத்துது" எண்ட கதை எங்கட பாடத்துக்குப் பொருந்தாது. உயிரியல் எம்.சி.கியூ வளநூலில ஒரு வரியை எடுத்து, அதில ஒரு சொல்லை மாத்தி வைக்கும். "எல்லா" எண்டு இருந்த இடத்தில "பெரும்பாலான". அவ்வளவுதான். ரெண்டு தரம் வாசிச்சவனுக்கு ரெண்டு விடை சரி மாதிரித் தெரியும், பத்துத் தரம் வாசிச்சவனுக்கு மட்டும் ஒண்டு உறுத்தும்.

கடைசிப் பத்து, 41–50, ஏ முதல் ஈ வரை அஞ்சு கூற்று. ஏ, பி, டி சரியெண்டா 1. ஏ, சி, டி எண்டா 2. ஏ, பி மட்டும் 3. சி, டி மட்டும் 4. மற்றதெல்லாம் 5. கவனிச்சீங்களா, ஈ சரியெண்டு நிச்சயமாத் தெரிஞ்சா மிச்சம் நாலையும் பாக்கத் தேவையே இல்லை, விடை 5தான். இதை எனக்கு முதலாந்தரம் எடுக்கேக்க ஒருத்தரும் சொல்லித் தரல்ல.

கட்டுரை ஆறில நாலு. தாவரம் பிடிக்காது எண்டு முழுசா விடுறவங்க இருக்காங்க. விட்டா தெரிவு சுருங்கி, பிறப்புரிமையியலில தெரியாத கேள்வியோட மாட்டுவீங்க.

நாளைக்கு_படிப்பம்:
ஈ விசயம் இப்பதான் தெரியும். நான் பயோ இல்லை, ஆனாலும் நன்றி அக்கா. தங்கச்சிக்கு அனுப்பிட்டன்.

மலையும்_மழையும்:
நான் நுவரெலியா பக்கம், இப்போ தெஹிவளையில போர்டிங்ல இருந்து படிக்கிறேன். எங்க ஊர்ல ஸ்கூல்ல பௌதிகத்துக்கு ஒன்றரை வருசம் சேர் இல்லை. அதனால யூடியூப்தான். தமிழ்ல நல்லா விளங்குற மாதிரி இருக்கிறது முக்காவாசி இந்திய வீடியோங்க. அதுல ஒரு வம்பு இருக்குங்க, யாரும் சொல்றதில்ல.

அங்க "நிறை"ன்னா நம்ம திணிவு. நம்ம நிறைக்கு அங்க "எடை". அங்க "வேகம்"ன்னா நம்ம கதி, நம்ம வேகத்துக்கு "திசைவேகம்". நம்ம சக்தி அங்க "ஆற்றல்", நம்ம வலு அங்க "திறன்". ஆர்முடுகல் "முடுக்கம்". ஆறு மாசம் அதைப் பாத்துட்டு இங்க வந்து முதல் மொடல் பேப்பர்ல "பொருளின் நிறை 20 நியூற்றன்"னு இருக்கு, நான் 20ஐ அப்படியே திணிவா வச்சு 10ஆல பெருக்கிட்டேன். நியூற்றன்னு பக்கத்துலயே எழுதியிருக்கு, கண்ணு பாக்கல. அந்தக் கேள்வி முழுக்க பத்து மடங்கு.

பேப்பர் கஷ்டமா லேசான்னு நீங்க பேசுறீங்க. என் மாதிரி ஆளுக்கு முதல் கஷ்டம் எந்தத் தமிழ்னு தெரியறது.

இரசாயன_மிஸ்:
இது உண்மையில் பெரிய விசயம். தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும் வளநூலும் பயன்படுத்துகிற சொல்தான் பேப்பரில் வரும். ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதிவையுங்கள் மகள்.

மலையும்_மழையும்:
எழுதி வச்சிருக்கேன் மிஸ், 114 சொல்லு வந்திருச்சு. (மகன் மிஸ், மகள் இல்ல 🙂)

தெமட்டகொடை_கொமெர்ஸ்:
மெத்ஸ், பயோ மட்டும்தான் ஏ.எல். எண்டு நெனச்சிக்கொண்டு எழுதுறீங்க எல்லாரும். கொமெர்ஸ்காரங்களும் இருக்கோம்.

பொருளியல்ல வரைபு கீறுறதோட முடியுற காலம் போயிட்டு. நாட்டுல நடந்தது கேள்விக்குள்ள வருது. 2022 செப்டெம்பர்ல கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம். அதை அனுபவிச்ச பிள்ளைக்குப் பணவீக்கம் எண்டா என்னண்டு புத்தகம் சொல்லத் தேவல்ல, கேஸ் சிலிண்டரோட லைன்ல நிண்டிருக்கோம். ஆனா பணவீக்கம் 69.8ல இருந்து 5க்கு வந்தா சாமான் விலை குறையும் எண்டு எழுதுறவங்க இன்னும் இருக்காங்க. விலை கூடுற வேகம்தான் குறையும், கூடின விலை இறங்காது. என்ட உம்மாவும் இதே கேள்விதான் கேக்குறாங்க. மத்திய வங்கி வருசா வருசம் வெளியிடுற பொருளாதார அறிக்கையில முதல் அத்தியாயத்தையாவது தமிழ்ல வாசிங்க.

கணக்கீடு வேற கதை. அங்க நேரம்தான் எதிரி. ஐந்தொகை சமப்படல்ல எண்டு இருபது நிமிசம் தேடுறவன் கடைசிக் கேள்வியத் தொடவே மாட்டான். சமப்படாட்டி விட்டுட்டுப் போங்க, படிமுறைக்குப் புள்ளி இருக்கு.

சும்மா_வந்தன்:
வெள்ளவத்தையில "கட்டாயம் வரும் 20 கேள்வி" எண்டு ஒரு தொகுப்பு விக்கிறாங்களே, வாங்கலாமா?

கடலோர_வீதி:
போனமுறை தங்கச்சிக்கு வாங்கினனாங்கள், இடத்தின்ர பேர் வேண்டாம். பளபள அட்டை. உள்ளுக்குப் பாத்தா பழைய பாஸ்ட் பேப்பர் கேள்வியில எண் மட்டும் மாத்தியிருக்கு. ஒண்டில எண்ணை மாத்தினதில உராய்வுக் குணகம் எதிர் எண்ணா வருது! பரீட்சைத் திணைக்களத்தின்ர புள்ளியிடும் திட்டமும் மதிப்பீட்டு அறிக்கையும் இருக்கு. எம்.சி.கியூவில ஒவ்வொரு தெரிவையும் எத்தினை வீதம் பேர் கீறினவை எண்டு அதில போட்டிருக்கும். சரியான விடையைவிடப் பிழையான ஒண்டைக் கனபேர் கீறியிருந்தா, அந்தக் கேள்வியில நிண்டு யோசியுங்கோ.

தெமட்டகொடை_கொமெர்ஸ்:
"கட்டாயம் வரும்" எண்டா பயமா இருக்கு. 2024 ஜனவரில விவசாய விஞ்ஞானம் முன்கூட்டியே வெளிய வந்து, ரத்தாகி, திரும்ப எழுதினாங்க. படிச்சவன்தான் ரெண்டு தரம் கஷ்டப்பட்டான்.

நாளைக்கு_படிப்பம்:
கேள்வியின்ர போக்கை விடுங்கோ, வானத்தின்ர போக்கைச் சொல்லுங்கோ. 2024இல வெள்ளம் வந்து சோதினை நடுவில நிண்டது. நான் பேனையோட ஒரு லைஃப் ஜக்கெற்றும் வாங்கி வைக்கப்போறன்.

அண்ணா, இணைந்த கணிதத்தைச் சொல்லாமல் தப்பப் பாக்கிறியள்.

கடலோர_வீதி:
தப்பேல்லை, கடைசியா வைச்சிருந்தன். அதுதான் எங்கட வீட்டுப் பிரச்சினை.

ரெண்டு பேப்பர், ஒவ்வொண்டும் 3 மணித்தியாலம். ஏ பகுதி பத்துக் கேள்வி, 25 புள்ளிப்படி. பி பகுதி ஏழில அஞ்சு, 150 புள்ளிப்படி. ஏ பகுதிக்கு ஒரு மணித்தியாலம் எண்டா கேள்விக்கு 6 நிமிசம். பி பகுதிக்கு 24 நிமிசம். தங்கச்சி போனமுறை ஏ பகுதியில நாலாவது கேள்விக்கு 25 நிமிசம் நிண்டிருக்கிறாள். 25 புள்ளிக்காக ஒரு 150ஐ வித்திருக்கிறாள்.

இங்கயும் இடம் மாறேல்லை. தூய கணிதத்தில 12 வரிசைமாற்றம், சேர்மானம், தொடர். 14 பெறுதியும் வரைபும். 17 திரிகோண கணிதம். பிரயோகத்தில 13 எண்டா மீள்தன்மை இழையில கட்டின துணிக்கை, எளிமை இசை இயக்கம். எங்களுக்கு இழை இறுக்கமா இருக்கும்வரை ஒரு இயக்கம், அதோட சரி. இப்ப இழை தொய்யுது, பிறகு ஈர்ப்பில மட்டும் போகுது, திரும்ப இறுகுது, மொத்த நேரம் என்ன. ஒவ்வொரு துண்டும் பழசு. ஒட்டின இடம்தான் புதுசு. தொய்யிற கணத்து வேகத்தை அடுத்த துண்டுக்குக் கொண்டுபோக மறந்தா அதுக்குப் பிறகு ஒண்டும் சரிவராது.

நான் அவளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லுறது ரெண்டு சொல்லு: "காட்டுக", "உய்த்தறிக". "காட்டுக" எண்டா விடையைக் கையில தந்திட்டாங்கள். காட்டேலாமல் போனாலும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம். அவள் அதில முட்டிக்கொண்டு நிண்டு, கீழ இருக்கிற லேசான 60 புள்ளியைப் பாக்காமலே விட்டிருக்கிறாள். "இதிலிருந்து உய்த்தறிக" எண்டா மேல செய்ததைத்தான் பாவிக்கவேணும், ரெண்டு வரியில முடியும். ஒரு பக்கம் எழுதுறாய் எண்டா வழி மாறிட்டாய்.

மேல நான் "பாடம் கஷ்டமாகேல்லை" எண்டு அடிச்சுச் சொன்னன். நாளைக்கு_படிப்பம் நேரத்தைச் சொன்னதும், மலையும்_மழையும் தமிழைச் சொன்னதும் அந்தப் போயா லீவில என்ட கண்ணில படேல்லை. தங்கச்சி இந்த இழையை முழுக்க வாசிச்சிட்டு "நான் சொன்னதைத்தான் பத்துப் பேர் சொல்லியிருக்கினம்" எண்டிட்டுப் போறாள்.

நாளைக்கு_படிப்பம்:
ட்ரோன் கணக்குச் செய்தன். ஒரு செக்கனில போற வளியின்ர திணிவு அடர்த்தி தர பரப்பு தர வேகம். அதை வேகத்தால பெருக்கி 12 நியூற்றனுக்குச் சமப்படுத்தினன். விடை 100. ட்ரோன் புயல் அடிக்குது அண்ணா.

மலையும்_மழையும்:
வர்க்கமூலம் எடுக்கல நீங்க. 10.

நாளைக்கு_படிப்பம்:
ஐயோ.